ஜெர்டன்: அந்துப்பூச்சி தின்ற பெட்டியும் ஆயிரத்தெட்டுப் பறவைகளும்

வேங்கிக்கால் பக்கம் ஏரிக்கரையைத் தாண்டி முள்ளுக்காட்டு ஓரமா காலையில நடந்தா, வேலிக்கல் மேலயோ கரண்ட் கம்பி மேலயோ ஒரு பழுப்புக் குருவி உட்கார்ந்திருக்கும். மார்பில் புள்ளி புள்ளியா இருக்கும். சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் குண்டு. நாலு வருஷமா அதைச் சிட்டுக்குருவின்னே நினைச்சுட்டுப் போயிருக்கேன். போன டிசம்பரில் ஃபோனில் மெர்லின் ஆப்பைப் போட்டு அதன் சத்தத்தைக் கேட்க வைத்தேன். திரையில் வந்த பெயர் ஜெர்டன் புதர் வானம்பாடி.

வானம்பாடி சரி, யார் இந்த ஜெர்டன்?

தேடப் போனால் ஓணான் மாதிரி ஒரு பல்லி, ஒரு பாம்பு, ஒரு பருந்து, ஒரு பச்சைக் குருவி என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பெயர்தான். இந்த மனுஷன் நம்ம திருச்சியில் குதிரைப்படைக்கு மருத்துவம் பார்த்தவர், ஊட்டியில் கல்யாணம் செய்தவர். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பறவைகளை இது வேறு, அது வேறு என்று சொல்வதற்காகவே முப்பது வருஷம் செலவழித்தவர்.

தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் 1811-ல் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்தார். குடும்பம் ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்தைச் சேர்ந்தது. அப்பாவுக்கே செடி கொடி, பிராணிகள் மேல் ஆர்வம் உண்டு. எடின்பரோவில் படிக்கப் போனவர், ராபர்ட் ஜேம்சன் என்ற பேராசிரியரின் இயற்கை வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தார். இதே ஜேம்சனின் வகுப்பு ஒரேயடியாக அறுக்கிறது என்று கொஞ்ச காலம் முன்னால் ஒரு மாணவர் வெறுத்துப் போயிருந்தார். அவர் பெயர் சார்லஸ் டார்வின். ஒரே புரொபசர், ஒரே கிளாஸ், ரிசல்ட் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. நமக்குத் தெரியாத கதையா?

ஜெர்டன் மருத்துவம் முடித்தார். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து டாக்டர்களுக்கு கிழக்கிந்தியக் கம்பெனிதான் கேம்பஸ் பிளேஸ்மெண்ட். உதவி சர்ஜனாக வேலை வாங்கி 1836-ல் மெட்ராஸில் வந்து இறங்கினார். வயது இருபத்து நாலு. முதல் வேலை கஞ்சம் பகுதியில், காய்ச்சலிலும் சீதபேதியிலும் விழுந்து கிடந்த சிப்பாய்களைப் பார்ப்பது. அங்கேயே கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைச் சேகரிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷம் ஒரு குதிரைப்படைப் பிரிவோடு திருச்சிக்கு வந்தார். படை நகர்ந்தால் டாக்டரும் நகர வேண்டும். தக்காணத்தில் ஜால்னா வரை போனார். ரெஜிமெண்டுக்கு அது மார்ச். அவருக்கு அது செலவில்லாத பறவைச் சுற்றுலா.

சேகரிப்பது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு மாதிரி பைனாகுலரில் பார்த்து, படம் எடுத்து, செக்லிஸ்ட் போடுவது இல்லை. சுட வேண்டும். தோலை உரித்து, உள்ளே பஞ்சு அடைத்து, பூச்சி வராமல் மருந்து தடவி, காலில் சீட்டுக் கட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனா ஒரு பறவையைக் கையில் வைத்து, இறகை அளந்து, இன்னொன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை.

கையில் பறவை இருக்கு, பெயர் தெரியலை. இதுதான் அவருடைய முதல் பிரச்சினை. மெட்ராஸ் மாகாணத்தின் ஒரு மூலையில் இருக்கிற ராணுவ டாக்டருக்கு லைப்ரரி ஏது, மியூசியம் ஏது? பெயர் தெரிந்தவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் தன் சேகரிப்பைக் கட்டி, ஸ்காட்லாந்தில் இருந்த வில்லியம் ஜார்டின் என்ற பெரிய பறவையியலாளருக்கு அனுப்பினார். அவர் பார்த்துப் பெயர் சொல்வார் என்று நம்பிக்கை. மாதக்கணக்கில் கப்பலில் போன பெட்டியைத் திறந்தபோது அந்துப்பூச்சி புகுந்து தின்றிருந்தது.

ஒரு செமஸ்டர் புராஜெக்ட் கோடு டெலீட் ஆனாலே நாம் எப்படி உட்கார்ந்து விடுகிறோம்! இந்த மனுஷன் அதற்குப் பிறகு எடுத்த முடிவு எளிமையானது. இனி யார் சொல்லுக்கும் காத்திருப்பதில்லை, தன் கண்ணையே நம்புவது.

1839-ல் மெட்ராஸில் வெளிவந்த ஓர் இலக்கிய, அறிவியல் சஞ்சிகையில் தென்னிந்தியத் தீபகற்பத்துப் பறவைகளின் பட்டியலைத் தொடராக வெளியிட ஆரம்பித்தார். நானூறுக்கும் மேற்பட்ட பறவைகள். அதுவரை இந்தப் பகுதிக்கு வந்த பட்டியல்கள் எல்லாம் இதன் முன்னால் சின்னதாகிவிட்டன. இந்தியாவுக்கு வந்து மூணே வருஷம் ஆன ஒருவர் செய்த வேலை இது. தப்புகளும் இருந்தன. பிறகு தானே திருத்தினார்.

அந்தத் தொடரில்தான் நீலகிரியின் சோலைக்காட்டுப் பறவைகள் வரிசையாக அறிவியல் பெயரோடு உலகத்துக்கு அறிமுகமாயின. கறுப்பும் ஆரஞ்சுமாகத் தரையோரம் திரியும் ஒரு ஈப்பிடிப்பான். கருநீலத்தில் ஒரு நீலகிரி ஈப்பிடிப்பான். அப்புறம் நீலகிரிச் சிரிப்பான். இந்தக் கடைசிப் பறவைக்கு அவர் வைத்த இலத்தீன் பெயர் கக்கினான்ஸ், உரக்கச் சிரிப்பது என்று பொருள். இறகின் நிறத்தை வைத்து இல்லாமல், குரலை வைத்துப் பெயர். ஊட்டிப் பக்கம் ஒரு புதருக்குள் யாரோ நாலு பேர் கேலி பண்ணிச் சிரிக்கிற மாதிரி சத்தம் வந்தால் அது இந்தக் குருவிக் கூட்டம்தான். 1841-ல் கொட்டடி நீலத்தில் பக்கவாட்டு மட்டும் செம்பழுப்பாக இருக்கும் ஒரு சின்னப் பறவையையும் சேர்த்தார். இன்றைக்கு அதைச் சோலைக்கிளி என்கிறோம். கிளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் ஊரில் பறவைக்குப் பொதுவாகக் கிளி என்று சொல்கிற பழக்கம் அப்படியே ஆங்கிலம் வரை போய்விட்டது.

அதே 1841-ல் நீலகிரிக்கு விடுப்பில் போயிருந்தபோது ஃப்ளோரா மக்லியாடைக் கல்யாணம் செய்துகொண்டார். ஃப்ளோராவுக்குப் பூக்கள் மேல், குறிப்பாக ஆர்க்கிட் மேல் ஆர்வம். படமும் வரைவார். பொருத்தமான ஜோடி.

பிறகு நெல்லூரில் சிவில் சர்ஜன். அங்கே அவருக்குக் காட்டைக் காட்டியவர்கள் யானாதி மக்கள். எந்தப் புதரில் எது கூடு வைக்கும், எந்த நேரத்தில் எது வெளியே வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த சங்கதி. பறவைக்கெல்லாம் ஜெர்டன் பெயர் ஒட்டிக்கொண்டது. பிடித்துக் கொடுத்தவர் ஒருவர் பெயர்கூட ஒட்டவில்லை. படங்களிலும் இதே கதைதான். 1843 முதல் 1847 வரை ஐம்பது வண்ணப் படங்களோடு இந்தியப் பறவை ஓவியத் தொகுப்பு ஒன்றை மெட்ராஸில் வெளியிட்டார். அதற்காகப் பெரும்பாலும் வரைந்தவர்கள் உள்ளூர் ஓவியர்கள். அந்தப் படங்களை இணையத்தில் பாருங்கள், இறகின் ஓரக் கோடுவரை பிசகாமல் இருக்கும். எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று முதலில் கண்டுபிடித்த கண்கள் அவர்களுடையதும்தான்.

நெல்லூர், கடப்பா பக்கத்து முள்ளுக்காட்டில் கிடைத்த ஒரு இரவுப் பறவையும் அவர் பெயரில் இருக்கு. மார்பில் இரண்டு பட்டையோடு தரையில் ஓடும். 1848-ல் அறிவியல் பெயர் பெற்றது. 1900-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, அழிந்தே போச்சு என்று எழுதிவிட்டார்கள். 1986-ல் கடப்பா மாவட்டத்தில் மறுபடி கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் தேடித் திரிந்தபோது, கண்டுகொள்ள உதவியது அங்கேயும் ஒரு உள்ளூர் வேட்டைக்காரர்தான்.

நெல்லூருக்குப் பிறகு தலச்சேரி. அங்கே எறும்பு பிடித்தது. 1851-ல் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். குதித்துக் குதித்துப் போகும் ஓர் எறும்புக்கு அவர் வைத்த பெயர் இன்றும் மரபணு ஆய்வுக்கூடங்களில் தினமும் புழங்குகிறது. எறும்புக் கதையை இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்வோம். நமக்கு மலைக்குப் போக வேண்டும்.

வயநாட்டில் பாணாசுர மலை என்று ஒன்று இருக்கு. உச்சி இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். அங்கேயும் குடகுப் பக்கத்து உச்சிகளிலும் ஒரு சிரிப்பான் இருக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் நீலகிரிச் சிரிப்பான்தான். அதே அளவு, அதே வெள்ளைப் புருவம், புதருக்குள் அதே கூட்டுச் சிரிப்பு. ஆனால் நீலகிரிப் பறவைக்குத் தொண்டையும் மார்பும் செம்பழுப்பு. பாணாசுரப் பறவைக்கு அந்த இடம் சாம்பல், செம்பழுப்பு வயிற்றுப் பக்கம்தான் வரும். வித்தியாசம் இவ்வளவுதான். நீலகிரியும் பாணாசுரமும் காகம் பறக்கும் தூரத்தில் அப்படி ஒன்றும் தள்ளி இல்லை. ஆசியச் சங்கத்தின் கல்கத்தா மியூசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத், இதைத் தனி இனமாக எடுத்து 1851-ல் ஜெர்டன் பெயரையே வைத்தார். ஜெர்டனும் தன் புத்தகத்தில் இரண்டையும் தனித்தனியாகவே வைத்தார்.

அந்தப் புத்தகம்தான் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை. இந்தியப் பறவைகள் என்ற பெயரில் 1862 முதல் 1864 வரை மூன்று புத்தகங்களாகக் கல்கத்தாவில் வந்தது. கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவின் ஆதரவு கிடைத்தது, இதற்காகவே வேலையிலிருந்து தனிப்பணியும் கொடுத்தார்கள். மொத்தம் 1008 பறவைகள். ஆயிரத்தெட்டு! நம்ம ஊர்க்காரன் எண்ணியிருந்தால்கூட இவ்வளவு சரியாக நிறுத்தியிருக்க மாட்டான்.

அதை எழுதிய நோக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய வண்ணப் படங்கள் போட்ட ஆல்பம் மாதிரி புத்தகம், லண்டன் பணக்காரர் வீட்டு மேஜைக்குத்தான் சரிப்படும். ஜெர்டன் எழுதியது கையேடு. படம் இல்லை. நிறம், அளவு, எங்கே இருக்கும், எப்படிக் கத்தும், பக்கத்து இனத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது, அவ்வளவுதான். மாகாணத்தின் ஏதோ மூலையில் புத்தகமும் மியூசியமும் இல்லாமல் கையில் ஒரு பறவையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக எழுதியது. அதாவது 1836-ல் வந்து இறங்கிய ஜெர்டனுக்காக. இனி யாரும் ஸ்காட்லாந்துக்குப் பெட்டி அனுப்பிவிட்டு அந்துப்பூச்சிக்குப் பயந்து காத்திருக்க வேண்டாம்.

கையில் கையேடு இருக்கும்போதுதான் கையேட்டில் இல்லாதது கண்ணில் படும். நாலே வருஷத்தில் பட்டது. கொடைக்கானல் மலையில் சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் பறவைகள் சேகரித்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த சோலைக்கிளிக்குப் பக்கவாட்டில் செம்பழுப்பு கிடையாது. நீலமும் வெள்ளை வயிறும் மட்டும். 1868-ல் பிளான்ஃபோர்ட் அதற்குத் தனிப் பெயர் வைத்தார். அடுத்த வருஷம் பழனி மலைச் சிரிப்பானும் தனியானது. மார்பு சாம்பல், புருவம் நீளம். அதற்குப் பாதிரியார் பெயர். 1880-ல் இன்னும் தெற்கே, அகத்தியமலைப் பக்கத்துச் சிரிப்பானுக்கும் பெயர் வந்தது. அதன் புருவம் குட்டை.

ஏன் இப்படி மலைக்கு ஒன்று? மேப்பைத் திறந்து பார்த்தால் புரியும். இந்தப் பறவைகளுக்குக் குளிர்ந்த சோலைக்காடு வேண்டும், ஏறத்தாழ 1400 மீட்டருக்கு மேலே. (நம்ம அண்ணாமலையார் மலை எண்ணூத்திச் சொச்சம் மீட்டர்தான், அதனால் இங்கே தேட வேண்டாம்.) நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய், 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். லாரிக்கு அது வசதியான ரோடு. சோலைக்கிளிக்கு அது கடல். நல்லாப் பறக்கத் தெரிந்த பறவைதானே என்று கேட்கலாம். ஆனால் புதரை விட்டு வெளியே வராத குணம் அதற்கு. சூடான சமவெளியைத் தாண்டாது. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய் இன்னொரு கடல். மலை உச்சி ஒவ்வொன்றும் தீவு. லட்சக்கணக்கான வருஷங்கள் தனித்தனியாக இருந்தால் நிறமும் மாறும், பாட்டும் மாறும்.

ஜெர்டனுக்கு இந்தக் காரணம் எல்லாம் தெரியாது. கணவாயின் இரண்டு பக்கத்துப் பறவைகளையும் பக்கத்தில் வைத்து அவர் ஒப்பிட்டதும் இல்லை. அவர் செய்தது அதற்கு முந்தைய படி. சின்ன வித்தியாசத்தைச் சின்னது என்று தள்ளாமல் எழுதி வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் தள்ளினார்கள். இது ஏதோ அலட்சியம் இல்லை, இனங்களைக் குறைத்துச் சேர்த்து எழுதுவதே அன்றைய நடைமுறை. இரண்டு சோலைக்கிளிகளும் ஒரே இனத்தின் உள்வகைகள் ஆயின. எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று தெரியாமல் இமயமலைப் பறவைகளின் டப்பாவில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். பாணாசுரச் சிரிப்பான் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் அதைத் தெற்கத்திப் பறவைகளோடு சேர்த்து ஒரே இனம் என்றார்கள். 2005-ல் வந்த புத்தகம் ஒன்று, இல்லை, அது வடக்கே நீலகிரிப் பறவையோடு சேர்ந்தது என்றது. எந்தப் பக்கம் சேர்த்தாலும் தனிக் கணக்கு இல்லை. கணக்கில் இல்லாதது குறைந்தால் யாருக்கும் தெரியாது. இதுதான் விஷயம். இனமா உள்வகையா என்பது வெறும் பெயர்ச் சண்டை மாதிரி இருக்கும், ஆனால் அழிவின் விளிம்புப் பட்டியல் இனத்தை வைத்துத்தான் போடப்படுகிறது.

முடிச்சு அவிழ்ந்தது இந்தியாவிலேயே. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சி.கே. விஷ்ணுதாஸ் முதலானோர் மலை மலையாக ஏறி, வலையில் பிடித்து, துளி இரத்தம் எடுத்துவிட்டுப் பறவையைத் திருப்பிப் பறக்க விட்டார்கள். சுடவில்லை. பாட்டையும் பதிவு செய்தார்கள். நம்ம சிக்னல்ஸ் லேபில் போடுகிற அதே ஸ்பெக்ட்ரோகிராம்தான். எந்த சுரம், எந்த அதிர்வெண், எத்தனை முறை என்று படமாக விரித்துப் பார்ப்பது. 2016-ல் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியின் பாட்டை வைத்து வந்த ஆய்வு, பழைய கணவாய் பிரித்த கூட்டங்களின் பாட்டில் தெரியும் வேறுபாடு ஒரு வகை, சமீபத்துக் காடழிப்பு பிரித்த கூட்டங்களில் தெரிவது இன்னொரு வகை என்று காட்டியது. இரண்டாவது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேயிலைத் தோட்டம் போட்ட காலத்துக்குள்ளேயே பாட்டில் மாற்றம்.

2017-ல் இரத்தம், நிறம், அளவு, பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. இவை இமயமலை உறவுகளின் டப்பாவில் சேரவே சேராது, இரண்டும் இந்த மலைகளுக்கே சொந்தமான தனிப் பேரினங்கள் என்றது. சோலைக்கிளிப் பேரினத்துக்குச் சோலிகோலா என்று பெயர். நம்ம சோலைதான், வாலில் மட்டும் இலத்தீன். அகத்தியமலையில் மூன்றாவதாக ஒரு சோலைக்கிளியும் சேர்ந்தது. சிரிப்பான்கள் நாலும் தனித்தனி இனங்கள். நீலகிரி, பாணாசுரம், பழனி, அகத்தியமலை. நிறத்தையும் குரலையும் மட்டும் வைத்து 1839-லிருந்து 1880-க்குள் பெயர் வைத்த அதே நாலு.

நம்ம கம்பிக் குருவிக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஜெர்டன் புதர் வானம்பாடியை ரொம்ப நாள் வங்காளத்துப் புதர் வானம்பாடியின் உள்வகை என்று வைத்திருந்தார்கள். பார்க்க அவ்வளவு ஒற்றுமை. 1998-ல் பெர் ஆல்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் ஆய்வாளர் பாட்டையும் பாடும் விதத்தையும் வைத்துப் பிரித்தார். வடக்கத்தியது மேலே ஏறி வட்டமடித்து நீளமாகப் பாடும். நம்மது கம்பியில் உட்கார்ந்தபடியே உலோகம் உரசுகிற மாதிரி கிரீச்சென்று பாடும், இல்லைன்னா கொஞ்சம் எம்பி, இறக்கையை விரித்துப் பாராசூட் மாதிரி இறங்கிவிடும். சோம்பேறி. நம்ம ஆள்தான்.

ஜெர்டனுக்குக் கடைசிக் காலம் நன்றாக அமையவில்லை. 1867-ல் பாலூட்டிகள் பற்றியும் ஒரு கையேடு எழுதினார், 1868-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் ஊர் போகாமல் அஸ்ஸாம் பக்கம் பறவை தேடிக்கொண்டிருந்தவர், அங்கே காய்ச்சலில் விழுந்து, 1870-ல் இங்கிலாந்து திரும்பினார். 1872 ஜூன் 12 அன்று லண்டனை ஒட்டிய அப்பர் நார்வுட்டில் இறந்தார். அறுபது வயது. கடன் பாக்கி இருந்தது. அவர் சேர்த்து வைத்தவற்றை ஏலம் விட்டார்கள்.

பாணாசுரச் சிரிப்பான் இன்று அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் தன் சொந்தப் பெயரில் இருக்கிறது. வயநாட்டைச் சுற்றி ஒரு கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில உச்சிகளில் மட்டுமே வாழ்கிறது. எக்ஸாம் முடிந்ததும் நாங்கள் நாலு பேர் கல்பற்றாவுக்கு பஸ் ஏறப் போகிறோம். செம்பரா மலையில் மேகம் இறங்குவதற்கு முன்னால் போய்விட்டால் சிரிப்புச் சத்தமாவது கேட்கும் என்கிறார்கள்.